குரலாள்

மூன்று வருடமாக அம்மாவிடமிருந்து போன் வந்தால் எடுப்பது, மரகதத்தின் செல்லில் இருக்கும் குரலாள் என்ற செயலிதான். மரகதம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பழகி, அவள் குரலிலேயே பேசும். சாப்பிட்டேன், வேலை அதிகம், கல்யாணத்துக்கு இப்போது அவசரமில்லை என்று அதுவே சமாளித்துவிடும். ஷெரினோடு குடும்பம் நடத்தும் மரகதத்துக்கு அது பெரிய நிம்மதி.

அன்று குரலாள் பழுது. அம்மாவின் அழைப்பை மரகதமே எடுத்து, கையெல்லாம் சப்பாத்தி மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். ஷெரின் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்தத் தீவாளிக்காவது அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாரியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியோ? ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலை எடுத்து பீரோவுலயே கெடக்கு."

மரகதம் மாவுக் கையோடு போனருகே குனிந்தாள். "முன்னாலயே கேட்டிருக்கலாம்லா, அம்மா."

"வருசா வருசம் கேட்டேனே. நீதான, 'அவ சும்மா கூடத் தங்கியிருக்கவ, நமக்கு யாரும்மா'ன்னு சொன்ன."

'அது நான் இல்லை' என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். போன வாரம் வீட்டுக்காரம்மா 'இது யாரு' என்று கேட்டபோது, ஷெரினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தான் சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

ஷெரின் கத்தியைக் கீழே வைத்தாள். மரகதத்தின் பக்கம் திரும்பவேயில்லை. போனைப் பார்த்துக் கேட்டாள்:

"சேலை என்ன கலரு, அத்தை?"