சாவுப் பாடம்

உலகத்துச் சடங்குகளை எல்லாம் ஒளியுருவங்களாக வகுப்புக்குள் வரவழைத்துக் காட்டுவது செண்பகம் டீச்சரின் வேலை. அறுவடைத் திருநாள், காதுகுத்து, கல்யாணம், சாவு என்று எதையும் விடுவதில்லை. சாவுப் பாடத்தில் மட்டும் பிள்ளைகள் மிரண்டு அழுதார்கள். அதனால் கடைசியில் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, பிணமாகக் கிடந்தவரைச் சிரித்தபடி எழுந்து உட்காரவைத்தாள். அழுகை நின்றது.

இன்று வீட்டுக் கூடத்தில் அவள் கணவன் கிடந்தான். அவளிடமே படிக்கும் ஆறு வயது மகள் இதழினி, ஒரு மணிகூடக் கீழே விழாமல் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாள்.

"எம்புட்டு வெவரமா செய்யுது பாரு, பச்சப்புள்ள!" என்று உறவுக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

இதழினி தள்ளி நின்று கைதட்டினாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் பலமாகத் தட்டினாள்.

"அப்பாவுக்குக் கேக்கலம்மா. நீயும் தட்டு."

செண்பகமும் தட்டினாள்.