எரியாத வீட்டுக்குத் தண்ணீர்

கூரை கொழுந்துவிட்டு எரிகிறது. கையிலிருக்கும் குழாயிலோ தண்ணீர் தொய்ந்து விழுகிறது. வின்சென்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒபர்பாக் ஊர்க்காரர்கள் உதவிக்குக் கூப்பிட்டதும், வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஓடிவந்த தன்னார்வத் தீயணைப்பு வீரன் அவன். குழாயைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு பம்பு வண்டிக்கு ஓடினான்.

பம்பை இயக்கியவள் உள்ளூர்க்காரி ரோஸ்விதா. அவள் கண் பிரஷர் முள்ளிலேயே இருந்தது.

"ஏம்மா, பிரஷரைக் கூட்டுங்க! தண்ணி கூரைக்கே எட்டல!"

"முடியாது தம்பி. தெருக் குழாய்ல வர்றதே இவ்வளவுதான். அதுல பாதி அந்தப் பக்கம் போகுது."

அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சுவரை இரண்டு பேர் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எரியாத வீட்டுக்கு எதுக்குத் தண்ணி? அந்த வால்வை மூடுங்க, இதைக் காப்பாத்திடலாம்!"

"காத்து அங்கதான் அடிக்குது. மூடினா ரெண்டும் போயிடும்."

"அந்த வீட்டுக்காரர் என்ன, உங்களுக்கு மாமனா மச்சானா?"

"வேலித் தகராறுல வருஷக்கணக்காப் பேச்சே கிடையாது" என்றாள். வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

தீ அடங்கியபோது பக்கத்து வீடு தப்பியிருந்தது. இந்த வீட்டில் சுவர்கள்தான் மிச்சம். வின்சென்ஸ் நேரே உள்ளூர்ப் படைத் தலைவர் அலோய்ஸிடம் போனான்.

"அந்தம்மா மேல புகார் எழுதித் தரப்போறேன் தலைவரே. கல்நெஞ்சு! ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டாங்க."

"தாராளமா எழுது" என்றார் அலோய்ஸ், கரிந்த வாசற்படியைப் பார்த்தபடி. "ஆனா விளக்கம் கேட்டு அவளுக்குக் கடுதாசி போடணுமே, அதை எங்க அனுப்புறது? அவ விலாசம்தான் இப்ப எரிஞ்சு போச்சே."