மடத்துக் கல்

நெடுந்தீவிலை அநியாயம் எங்கை நடந்தாலும் பெட்டிசம் எழுதுறது நான்தான். அதிலை எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் அருளப்பண்ணையைப் பற்றி எழுதினன். பறங்கியர் காலத்திலை சாமிமார் இருந்த மடம் ஒண்டு கடற்கரைப் பக்கம் இடிஞ்சு கிடக்கு. கல்லைத் தொட்டால் பிடிச்சு மறியலிலை அடைப்பம் எண்டு தொல்பொருள்காரர் பலகையும் நட்டிருக்கினம். அதுக்குள்ளை அந்த மனுசன் விடியக்காலமை தள்ளுவண்டில் நிறைய, அந்த மடம் கட்டின முருகைக்கல்லோடை நிண்டதை என்ர கண்ணாலை கண்டனான். விடுவனோ?

குறிகட்டுவானிலை இருந்து முதல் படகிலை தொல்பொருள் அதிகாரி பிரியவதனி வந்திறங்கினா. மடத்தடிக்கு அருளப்பண்ணையையும் கூப்பிட்டம்.

"ஐயா, கிட்டடியிலை இஞ்சை கல் எடுத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"வண்டிலோடை கண்டனான், மிஸ். களவெடுத்துப்போட்டுக் கதையைப் பாருங்கோ" எண்டு நான் பாய்ஞ்சன்.

அந்தப் பிள்ளை போனிலை கிடந்த போன வருசப் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பாத்துது.

"இப்ப கல் கூடிப்போய்க் கிடக்கு. எடுத்தால் குறையவெல்லோ வேணும்?"

அருளப்பண்ணை தலையைச் சொறிஞ்சார்.

"இராசநாயகம் கண்டது சரிதான், பிள்ளை. என்ர அப்பு ஆட்டுப்பட்டி கட்ட இஞ்சை இருந்துதான் கல் ஏத்தினவர். அப்ப ஆரும் கேக்கேல்லை. சாமிமார் முழந்தாளிலை நிண்டு செபிச்ச இடத்துக் கல் ஆட்டுப் புழுக்கைக்குள்ளை கிடக்கிறது என்ர மனசுக்கு ஒப்பேல்லை. அதுதான் பட்டியைப் பிரிச்சுக் கொண்டுவந்து வைக்கிறன்."

போய்ப் பாத்தம். பட்டியிலை பாதி இல்லை. ஆடுகளைப் பனையிலை கட்டியிருந்தார். எனக்கு வெக்கமாப் போச்சு.

"கேக்காமல் வைக்கிறதும் பிழைதான், ஐயா" எண்டா பிரியவதனி. குரலிலை கோவம் இல்லை. "இனிப் பலகைக்கு வெளியிலை வையுங்கோ, நாங்கள் பாத்து அடுக்கிறம்."

பிறகு கொப்பியை விரிச்சா.

"வேறை ஆரின்ர வீடுகளிலை மடத்துக் கல் இருக்கு? பேரைச் சொல்லுங்கோ. வழக்கு வைக்க வேண்டியும் வரலாம்."

அருளப்பண்ணை என்னை ஒருக்காப் பாத்தார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. அவையவைக்கு மனசு வரேக்கை கொண்டுவருவினம்."

நான் கலியாணம் கட்டின வருசம், என்ர வீட்டுக் குசினி கட்ட மடத்துக் கல்லை நாலு நடை மாட்டுவண்டிலிலை ஏத்திவந்து இறக்கினதே அந்த மனுசன்தான்.