மறுபடி மேடத்துக்குப் பரிசு

சீட்டைப் பிரித்ததும் நர்ஸின் முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

லேபில் இத்தனை பேர் இருக்கும்போது, போயும் போயும் மறுபடி மேடத்தின் பெயரா தன் கைக்கு வர வேண்டும்?

மறுபடி மேடம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. உள் அறையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரத்தத்தைப் பரிசோதிப்பவர் அவர். நர்ஸ் எடுத்து அனுப்பும் ரத்தத்தில் துளி குறை தெரிந்தாலும் போதும், தலையைக்கூடத் தூக்காமல் "மறுபடி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். போன வாரம் அப்படித்தான், நரம்பே பிடிபடாத ஒரு பெரியவரை இரண்டாம் முறை குத்தப்போய், அவர் மகனிடம் நர்ஸ் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எந்த மகராசன் வைத்த பட்டப்பெயரோ, அவர் முதுகுக்குப் பின்னால் லேப் மொத்தத்துக்கும் அவர் மறுபடி மேடம்தான்.

ஆண்டு முடிவதை ஒட்டி ரிசப்ஷன் பெண் செய்த ஏற்பாடு இது. ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பரிசு வாங்கி, பெயர் எழுதி மேஜையில் வைத்துவிட வேண்டும். கொடுத்தது யார் என்று மூச்சு விடக் கூடாது.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் புலம்பித் தீர்த்தாள். மட்டமாக வாங்கினால் வஞ்சம் வைத்திருக்கிறாள் என்பார்கள், ஒசத்தியாக வாங்கினால் காக்கா பிடிக்கிறாள் என்பார்கள், நான் என்னதான் செய்யட்டும் என்றாள். பேசாமல் அந்தச் சீட்டை வேறு யார் தலையிலாவது கட்டிவிடு என்றான் அந்தப் புண்ணியவான்.

அப்படியே செய்தாள். மறுநாள் எக்ஸ்ரே எடுக்கும் தம்பியிடம் நைச்சியமாகப் பேசி, மடித்த சீட்டைக் கொடுத்துவிட்டு அவன் சீட்டை வாங்கிக்கொண்டாள். அவன் பிரித்துப் பார்ப்பதற்குள் இடத்தைக் காலி செய்துவிட்டாள்.

பரிசு பிரிக்கும் நாள் வந்தது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். நர்ஸின் கண் மறுபடி மேடத்தின் மேலேயே இருந்தது. எக்ஸ்ரே தம்பி ஒன்றும் வாங்காமல் விட்டிருந்தால்? அத்தனை பேருக்கு நடுவில் அந்த அம்மா மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்தால், கிளறிப் பார்க்கும்போது கடைசியில் தன் பெயர்தானே வரும்?

நல்லவேளை, மறுபடி மேடத்துக்கும் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். உள்ளே இளநீல ஸ்வெட்டர். மெஷின்களுக்காக உள் அறையை எப்போதும் ஜில்லென்று வைத்திருப்பார்கள். அவர் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரோ முழங்கையில் நைந்து நூலாகிவிட்டது. புதியதைப் போட்டுப் பார்த்தார். அளந்து தைத்தது மாதிரி இருந்தது.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எக்ஸ்ரே தம்பிக்கு இவ்வளவு கரிசனமா? அவனைப் பார்த்தாள். அவன் அவளுக்கு மேல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான்.

ரிசப்ஷன் பெண்ணுக்கு ஓட்டை வாய்.

"சொல்லக் கூடாதுதான், ஆனா எனக்குத் தெரியும். நம்ம நர்ஸக்காதான். அவங்க சீட்டைப் பிரிக்கும்போதே எட்டிப் பார்த்துட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாளைக்குப் பத்துத் தடவை சண்டை போட்டாலும் மனசு தங்கம் என்று யாரோ சொன்னார்கள்.

"அளவு எப்படிக்கா இவ்வளவு கச்சிதமா எடுத்தீங்க?" என்றாள் ரிசப்ஷன் பெண்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சீட்டைத் தள்ளிவிட்ட கதையையும் சேர்த்து, அந்த அம்மா முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"ஒரு குத்துமதிப்பாதான்..." என்று இழுத்தாள் நர்ஸ்.

மறுபடி மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி ஏதோ யோசிப்பதுபோல் இருந்தது.

"ரொம்ப நன்றிம்மா. எனக்குப் பிடிச்ச கலர்" என்றார்.

நர்ஸுக்குக் காது மடல் சுட்டது. வாங்கியவன் வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடுமே என்று பதறி, கூட்டம் கலைந்ததும் எக்ஸ்ரே தம்பியை மடக்கினாள். அவனோ, தானும் அந்தச் சீட்டை அன்றைக்கே வேன் டிரைவரிடம் தள்ளிவிட்டதாகவும், அக்கா கைதட்டல் வாங்கியதைப் பார்த்துத் தலையே சுற்றிவிட்டதாகவும் சொன்னான்.

வேன் டிரைவர் வெளியூர் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு அப்போதுதான் வாசலில் வந்து இறங்கினார். விழாவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"அண்ணே, அந்த ஸ்வெட்டர் நீங்க வாங்கினதா? நான் வாங்கினதா எல்லாரும் நினைச்சுட்டாங்க. தயவுசெஞ்சு காட்டிக் குடுத்துடாதீங்க."

"எந்த ஸ்வெட்டர் சிஸ்டர்?"

"எக்ஸ்ரே தம்பி உங்ககிட்ட மாத்தின சீட்டு..."

"ஓ, அதுவா. அதுல எழுதியிருந்த பேரை நான் இங்க கேள்விப்பட்டதே இல்ல சிஸ்டர். யாருன்னு கேக்கலாம்னா தம்பியையும் காணோம். அதான் உள்ள போய் நம்ம மறுபடி மேடத்துகிட்ட சீட்டைக் காட்டி, இவங்க யாரு மேடம்னு கேட்டேன்."

நர்ஸ் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க... என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், 'எனக்குத் தெரிஞ்சவங்கதான், நானே வாங்கிக் குடுத்துடறேன்'னு சொல்லி அவங்க சீட்டை எனக்குக் குடுத்துட்டாங்க. ஆமா, அது யாரு சிஸ்டர்?"