கட்டிலுக்குப் பின்னால் பேசியவன்

“ஒரே ஒரு வாய். எனக்காகக் குடிங்க.”

ரபாப் கோழிச்சாற்றை நீட்டினாள். அவள் புருஷன் நுஃமான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“எடுத்துட்டுப் போடி. போறவனுக்கு எதுக்குச் சாறு?”

“காய்ச்சல்தான் விட்டுடுச்சே! ஏன் அதையே சொல்லிட்டிருக்கீங்க?”

“அன்னைக்குக் கானிம் வந்து என் கட்டிலுக்குப் பின்னால பேசினான், கேட்டேல்ல?”

“நல்லதுதானே பேசினாரு? முகத்துல களை வந்துடுச்சு, சீக்கிரம் எழுந்துடுவான்னு...”

“அதான்டி! அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம்?”



டமாஸ்கஸ் தர்ம ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வேலை உண்டு. எந்தப் புண்ணியவானோ அதற்கென்றே ஒரு தோட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு பேர் தற்செயலாக வந்தவர்கள் மாதிரி நோயாளியின் கட்டிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். “இவன் பிழைச்சுட்டான்னு ஹக்கீமே சொல்லிட்டாராம்” என்று வைத்தியர் பேரைச் சொல்லி, படுத்திருப்பவன் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் கிசுகிசுக்க வேண்டும். மனசு விட்டுப்போனவர்கள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்பார்கள். பச்சைப் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் பிழைத்த குடும்பங்கள் ஊரில் நிறைய.

இந்த வேலையில் நுஃமானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கானிம் அவனுடைய ஜோடி. மருந்துக்கு மசியாத ஆட்களிடம்தான் ஹக்கீம் தங்களை அனுப்புவார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கானிமே தன் கட்டிலுக்குப் பின்னால் வந்து நின்றதும், தன் கதை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

ரபாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைக் கீழே வைத்தபோது கட்டிலுக்குப் பின்னால் குரல் கேட்டது. கானிம்தான். கூடவே, நுஃமான் இடத்தில் தற்காலிகமாக நின்ற ஸாபித்.

“இவன் வெள்ளிக்கிழமையைத் தாண்ட மாட்டான்” என்றான் கானிம்.

ரபாபுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மெதுவாண்ணே, காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டுமே. இவன் வேலைக்கு என் மச்சானைச் சொல்லி வெச்சாச்சு. இவன் என்ன பெரிய பேச்சுக்காரனா? நான் எடுத்துக் குடுக்கறதை ஒப்பிப்பான், அவ்வளவுதான்.”

கட்டிலில் அசைவே இல்லை. கானிம் எட்டிப் பார்த்தான்.

“அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் பாவமா இருக்குண்ணே” என்றான் ஸாபித்.

“என்ன பாவம்? கண்ணுக்கு லட்சணமாத்தான் இருக்கா. புருஷன் போனா இருக்கற இத்தாக் காலம் முடியட்டும், நானே கட்டிக்கறேன்னு கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

அட படுபாவி! ஒவ்வொரு பெருநாளைக்கும் இவள் கையால் சாப்பிட்ட வாய் அது.

“அடேய் கானிம்!”

நுஃமான் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“யாருடா ஒப்பிக்கிறவன்? என் பொண்டாட்டி கேக்குதா உனக்கு? உன்னைக் குழியில இறக்கி மண்ணு தள்ளிட்டுத்தான்டா நான் போவேன்! ஏய், குடுடி அந்தச் சாறை!”

பிடுங்கி மடமடவென்று குடித்தான். அடுத்த நொடி கிண்ணம் கானிமின் நெற்றியில் போய் விழுந்தது.

ரபாப் அங்கே நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே பெரியவரான ஹக்கீம் ஸிராஜின் அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

“அந்தக் கானிமை இப்பவே துரத்துங்க! சாகக் கிடக்கற மனுஷன் தலைமாட்டுல நின்னு பேசற பேச்சா அது? சொல்லவே நாக்கு கூசுது!”

ஹக்கீம் தலையைக் குனிந்துகொண்டார்.

“துரத்தறதா இருந்தா என்னைத்தாம்மா துரத்தணும். பேசச் சொன்னது நான்.”

“நீங்களா?”

“உன் புருஷன்கிட்டயே போய் நல்லது பேசச் சொன்னேன் பாரு, அது நான் செஞ்ச மடத்தனம். இனிமே நல்லதை எவன் சொன்னாலும் அவன் நம்பப் போறதில்லை. சரி, கோபமாவது வரட்டும்னு பார்த்தேன். கானிம் மாட்டவே மாட்டேன்னு என் காலைப் பிடிச்சு அழுதாம்மா.”

“அப்ப, அந்தக் கல்யாணப் பேச்சு?”

“எந்தக் கல்யாணப் பேச்சு?” ஹக்கீம் விழித்தார்.

வாசலில் கானிம் வந்து நின்றான். நெற்றி புடைத்திருந்தது. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிடுங்க மதினி. வேலை போகுதுன்னு சொல்லியும் அவன் அசையலை. எனக்கு வேற வழி தெரியலை. ஆனா முழுசாக் குடிச்சுட்டான் மதினி! ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை!”

ரபாபுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம், குடித்தான்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அல்லாஹ்வே! அப்ப வெள்ளிக்கிழமைன்னு சொன்னதும் சும்மாதானா? எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு!”

ஹக்கீம் சிரிக்கவில்லை.

“அது ஒண்ணுதாம்மா நெசம். காலையில உன் புருஷன் நாடியைப் பார்த்துட்டு நான் இந்தக் கானிம்கிட்ட சொன்ன கெடு அது. சாறு உள்ளே போனப்புறம்தான் பொய்யாச்சு.”