ஒழுகாத கூடு

இடவப்பாதி மழையில் குடையோடு வந்த வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் பிள்ளை, கொல்லையில் நின்ற கோழிக்கூட்டைப் பார்த்து மலைத்தார். தென்னந்தடிக் கால், பலகைத் தரை, இரட்டையாய் வேய்ந்த புது ஓலை.

"ஏலே யோசுவா, இது கோழிக்கூடா, மகாராஜா கொட்டாரமாடே?"

"மழையில நனையாம இருக்கணும்லா, முதலாளி." சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்துவிட்டு வந்த யோசுவா தலைத்துணியைப் பிழிந்தான்.

"வீடு ஒழுகுதுன்னு மூணு மழையா அழுதியே. கோழிக்கு மட்டும் ஓலை கிடைச்சுதோ?"

"கூரையில நான் கைவச்சா நாளைக்கு வீடே என்னுதும்பேன்னு தடுத்தது நீங்கதானே? குடிசையும் போடப்படாதுன்னிய. கோழிக்கூட்டுக்குத்தான் சம்மதிச்சிய."

"எதிர்த்தா பேசுகே? இப்பவே பிரிச்சுப் போடு!"

யோசுவா அசையவில்லை. பிள்ளையே போய்க் கூட்டின் சாக்குத் திரையை இழுத்தார்.

உள்ளே, காய்ந்த பாயில், பிறந்து ஒன்பது நாளான குழந்தையை அணைத்துக்கொண்டு யோசுவாவின் மனைவி தாசம்மாள் படுத்திருந்தாள்.

பிள்ளை திரையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். "அப்போ... கோழிக எங்கடே?"

"நீங்க தந்த வீட்டுக்குள்ள, ஒழுகாத மூலை தேடி நிக்குதுவ. இப்பச் சொல்லுங்க முதலாளி, எதைப் பிரிக்கணும்? கூட்டையா, வீட்டையா?"