சைவ வீட்டுப் பொட்டலம்

“உன்ரை மனுசன் சாவகச்சேரி இறைச்சிக்கடையிலை நிண்டவர். என்ரை கண்ணாலை கண்டனான்” என்றாள் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி.

பராசக்தியால் நம்ப முடியவில்லை. புத்தூரில் முட்டைகூட ஏறாத வீடு அது. பௌதிக ஆசிரியராக இருந்து இளைப்பாறிய அவள் கணவர் தில்லைநாதன் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிறவர்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவர் பொட்டலத்தோடு நேரே பின்கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பராசக்தி கதவைத் தள்ளினாள்.

“களவாய்த் தின்னுற அளவுக்கு என்ன வந்தது உங்களுக்கு?”

கூரை வளையில் ஏதோ தசைத்துண்டு தொங்கியது. அதன் நுனியில் அவர் தராசுப் படிக்கல்லைக் கொளுவிக்கொண்டிருந்தார். அடுத்த படிக்கல்லோடு துண்டு அறுந்து விழுந்தது.

“தின்னேல்லை. இது ஆட்டின்ரை பெரிய இரத்தக்குழாய். எவ்வளவு பாரம் தாங்குமெண்டு பாக்கிறன்.”

“ஏன்?”

அவர் கையைத் துடைத்தார். “என்ரை வயித்துக்குள்ளை இதே குழாய் வீங்கிப்போய் நிக்குதாம். வெடிக்கிறது வீக்கத்தின்ரை பருமனிலை மட்டும் இல்லையாம், குழாய்ச் சுவர் எவ்வளவு இழுவை தாங்குமெண்டதிலையும் இருக்குதாம். உயிரோடை இருக்கிறவனிலை அதை அளக்க டொக்டரிட்டை வழியில்லை. உமக்குச் சொல்லப் பயமாயிருந்தது.”

பராசக்தி குனிந்து அறுந்து கிடந்த துண்டைப் பார்த்தாள்.

அடுத்த சந்தை நாளில் அவர் பையை எடுத்தபோது, இறைச்சிக்கடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்துகிறவள் சேலை மாற்றிக்கொண்டு படலையடியில் நின்றாள்.

“நானும் வாறன். கிழட்டுக் கிடாயின்ரையாய்க் கேட்டு வாங்குவம். குட்டியின்ரையை இழுத்துப் பாத்து உங்களுக்கு என்ன விளங்கப்போகுது?”